கோடையில் உறங்கும் செடி

2025 ஜூன் முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் திண்ணையில் வைத்துப் பிரித்தேன். நான்கு மாதம் குளிரிலும் இருட்டிலும் கிடந்த தூர் அது. தென்னை நார்த்தூளை உதறியதும் வேருக்கு மேலே ஐந்து முளைகள் தெரிந்தன. தந்தம் போல வெளுத்து, நுனியில் மட்டும் கத்தரிப்பூ நிறம் ஏறி, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. மாங்காய்க்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு முளையை மெல்ல அழுத்திவிட்டு, "கெட்டியாக இருக்கிறது, அழுகவில்லை" என்றாள்.

அந்தச் செடியின் பெயர் ஹோஸ்டா. அதைத் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துச் செம்மண்ணில் உயிரோடு வைத்திருக்க எனக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வாங்கிய மூன்று தூர்களில் இரண்டை இழந்தேன். நிழலுக்கு வண்ண இலைச்செடி தேடுகிறவர்கள் இந்தச் செடியின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவது இப்போது அதிகமாகியிருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பவன். மகள் திருமணமாகி ஜப்பானில் இருக்கிறாள். 2021 கோடையில் அவள் ஒரு படம் அனுப்பினாள். பாசி படிந்த கல்சுவர், மரநிழல், அதன் அடியில் முறம் அகலத்துக்கு இலைகள். நடுவில் நீலம் கலந்த பச்சை, விளிம்பு முழுவதும் வெண்ணெய் மஞ்சள். யாரோ தூரிகை எடுத்து ஒவ்வொரு இலைக்கும் கரை போட்டது போல இருந்தது. அங்கே இதைக் கிபோஷி என்கிறார்களாம். பழைய மரப்பாலங்களின் கைப்பிடித் தூண் உச்சியில் வெங்காய வடிவில் ஒரு குமிழ் இருக்கும், அதன் பெயர்தான் கிபோஷி. பூமொட்டு அந்தக் குமிழைப் போல இருப்பதால் செடிக்கும் அதே பெயர் வந்துவிட்டது. இளந்தளிரை உருய் என்ற பெயரில் கீரையாகச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். ஜப்பான், கொரியா, சீனம் ஆகியவை இதன் தாய்நாடுகள். ஐரோப்பாவுக்குப் போய், ஹோஸ்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளரின் நினைவாக 1812-இல் இன்றைய பெயரைப் பெற்றது. மகள் அனுப்பிய படத்தில் இருந்தது சகயே என்ற ரகம். நன்றாக வளர்ந்தால் முழங்காலுக்கு மேல் உயரமும், ஒரு ஆள் இரண்டு கையையும் விரிக்கும் அளவுக்கு அகலமும் வரும்.

தண்ணீர்விட்டான் கிழங்கும் மருளும் ஹோஸ்டாவும் ஒரே குடும்பம் என்று படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது. முதலிரண்டும் எங்கள் கரட்டு ஓரங்களில் எவரும் தண்ணீர் ஊற்றாமலேயே கிடப்பவை. ஒரே குடும்பத்துச் செடி இங்கே வராதா என்று நினைத்தேன். குடும்பத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, செடி வளர்ந்த ஊரின் பனிக்காலத்தைப் பார்க்க வேண்டும் என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை.

2022 பிப்ரவரியில் வடக்கே ஒரு மலைப்பிரதேச நர்சரியிலிருந்து மூன்று தூர்கள் பார்சலில் வந்தன. ரகப் பெயர் இல்லை, மஞ்சள் விளிம்பு, பெரிய இலை என்று மட்டும் எழுதியிருந்தது. நிழல் விரும்பும் செடிக்கு வீட்டின் வடக்குச் சுவரோரம் உத்தமம் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் சொல்கின்றன. நானும் புழு வளர்ப்பு மனையின் வடக்குச் சுவரோரம் பாத்தி எடுத்து, மக்கிய தொழுவுரம் கலந்து நட்டேன். மார்ச் மாதம் வந்த இலைகளைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். சுருட்டிய பாய் விரிவது போல ஒவ்வொரு இலையும் இரண்டு நாளில் பிரிந்து நின்றது.

ஏப்ரல் கடைசியில் விளிம்புகள் கருக ஆரம்பித்தன. மே மாதம் ஒரு நண்பகலில் போய் நின்று பார்த்தபோதுதான் பாத்தி முழுவதும் வெயில் அடிப்பதைக் கவனித்தேன். லண்டனிலும் டோக்கியோவிலும் நண்பகல் சூரியன் எந்நாளும் தெற்கேதான் நிற்கும், வடக்குச் சுவர் நிழலிலேயே இருக்கும். நாம் இருப்பது ஏறக்குறைய 12 பாகை அட்சரேகையில். எங்கள் ஊரில் ஏப்ரல் 22 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, அதற்குப் பிறகு வடக்கே தாண்டிவிடுகிறது. ஆகஸ்ட் 20 வாக்கில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் நம் வீடுகளின் வடக்குப் பக்கம் வெயில் பக்கம். நம் பெரியவர்களுக்கு இது தெரியும், உத்தராயணம் என்று பெயர் வைத்து நாள் பார்த்தவர்கள் அவர்கள். நான்தான் பிற நாட்டுக் குறிப்பை அப்படியே பிடித்துக்கொண்டேன். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நிழல் பாத்தி போட நினைப்பவர்கள் மே மாத நண்பகலில் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜூனில் மூன்றையும் பெயர்த்து மாமரத்தின் கீழே கொண்டுபோனேன். புங்கமரம் அருகிலேயே இருந்தும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாசி, பங்குனியில் அது இலை உதிர்த்துவிடும், வெயில் ஏறும் நேரத்தில் குடை மடங்கிவிடும். புளியமரத்து அடியில் எதுவும் செழிக்காது என்பது ஊரறிந்தது. மாமரம் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். கிழக்குப் பக்கத்துத் தாழ்ந்த கிளைகள் இரண்டை மட்டும் நீக்கி, காலை ஒன்பது மணி வரை இளவெயில் சாய்வாக வரும்படி செய்தேன். கும்மிருட்டு நிழலும் இந்தச் செடிக்கு ஆகாது. மஞ்சள் விளிம்பில் பச்சையம் மிகக் குறைவு, வெள்ளையாக இருந்தால் அறவே கிடையாது. அந்தப் பகுதி உணவு சமைக்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறது. நடுவில் இருக்கும் பச்சை இரண்டு பேருக்கும் சேர்த்து உழைக்க வேண்டும். அதனால் வண்ண இலைச்செடிக்குச் சல்லடையில் சலித்தது போன்ற நிழல் வேண்டும். மாமர வேர்களோடு இது போட்டி போட முடியாது என்பதால் மண்ணில் நடாமல் அகலமான மண்தொட்டிகளில் வைத்தேன்.

இடம் மாறியும் விளிம்பு கருகுவது நிற்கவில்லை. இந்த முறை கருகல் வேறு மாதிரி இருந்தது. வெயில் சுட்டால் இலையின் நடுவிலும் திட்டுத்திட்டாக வெளுக்கும். இது நுனியிலும் ஓரத்திலும் மட்டும், பழுப்பு நூலால் தைத்தது போல மெல்லிசாக ஓடியது. வாசலில் இருந்த ஸ்பைடர் செடியின் நுனிகளும் டிரசீனாவின் நுனிகளும் அதே போலத்தான் இருந்தன. எல்லாம் ஒரே போர்வெல் தண்ணீர் குடித்தவை.

எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பல் கறை பிடித்த தலைமுறைகள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. அதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் காவிரித் தண்ணீர் இங்கே வருகிறது. மனிதர்களுக்குத் தண்ணீர் மாறியது, செடிகளுக்கு மாறவில்லை. ஸ்பைடர் செடி, டிரசீனா போன்றவை ஃபுளோரைடை இலை நுனியில் சேர்த்துக் கருகுபவை. ஹோஸ்டாவில் கருகியது ஃபுளோரைடாலா, போர்வெல் தண்ணீரின் உப்பாலா என்று நான் பிரித்துச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வளர்ப்பு மனையின் தகரக் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து ஆயிரம் லிட்டர் தொட்டியில் பிடித்தேன். முதல் மழையைக் கீழே விட்டுவிட்டு இரண்டாவது மழையிலிருந்து சேர்க்க வேண்டும். மழைநீர் ஊற்றத் தொடங்கியபின் வந்த புதிய இலைகள் சுத்தமாக வந்தன. கருகிய பழைய ஓரம் எந்த மருந்துக்கும் திரும்பாது. சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு உண்டு, ஆகவே இத்தகைய செடிகளுக்கு அதைப் போடுவதில்லை. பட்டுப்புழுக் கழிவையும் மல்பெரிக் குச்சியையும் மண்புழு உரமாக்கி அதை மட்டும் இடுகிறேன். கழிவைப் பச்சையாகப் போட்டால் சூடேறி வேர் வெந்துவிடும்.

நிழலும் தண்ணீரும் சரியாகிவிட்டன, இனிக் கவலை இல்லை என்று இருந்தேன். 2022 மார்கழி வந்தது. ஜப்பானில் மகள் வீட்டருகே இலைகள் பொன்னிறமாகி மடிந்து, தரையில் செடி இருந்த அடையாளமே இல்லாமல் போயிற்று. என் தொட்டிகளில் இலைகள் மடியவும் இல்லை, தளிர்க்கவும் இல்லை. கந்தலாக, தூக்கம் வராமல் விழித்துக் கிடக்கும் நோயாளி போல நின்றன. 2023 பங்குனியில் வந்த இலைகள் முந்தைய ஆண்டின் பாதிகூட இல்லை. மூன்றாவது தொட்டியில் ஒன்றுமே வரவில்லை. கிளறிப் பார்த்தபோது தூர் சொத்தையாக இருந்தது. உரம் குறைவு என்று நினைத்து அள்ளிப் போட்டேன், பலனில்லை.

விடை என் தொழிலிலேயே இருந்தது. மஞ்சள் கூடு தரும் கலப்பினத்தை விட்டு வெண்பட்டுக்கு மாறியபோது பயிற்சியில் ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வெண்பட்டு இனம் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை மட்டுமே காணும் குளிர்நாட்டு இனம். அதன் முட்டை இட்டவுடன் பொரிக்காது, பனிக்காலம் கடக்கட்டும் என்று உறங்கிவிடும். அந்த உறக்கம் கலைய வேண்டுமானால் மாதக்கணக்கில் குளிர் அறையில் 5 டிகிரி, அதற்கும் கீழே என்று வைத்து எடுக்க வேண்டும். குளிர் காணாமல் அறை வெப்பத்திலேயே விட்டால் பொரிப்பு கெட்டுப்போகும். அவசரமென்றால் இட்ட மறுநாளே அமிலக் குளியல் கொடுத்து உறக்கத்தையே தடுத்துவிடுவார்கள். இளம்புழு மையத்தில் புழு வாங்கும்போதெல்லாம் இதை நினைக்கிறவன் நான். அப்படிப்பட்டவனுக்கு, அதே குளிர்நாட்டுச் செடி ஒன்று என் மாமரத்தடியில் உறக்கமில்லாமல் தேய்கிறது என்பது உறைக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

ஹோஸ்டாவுக்குச் சுமார் 5 டிகிரிக்குக் கீழே ஆறு வாரமாவது குளிர் வேண்டும். அப்போதுதான் தூரில் இருக்கும் மொட்டு முழு வலுவோடு எழும்பும். எங்கள் மார்கழிப் பனியில் விடியற்காலை வெப்பம் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. தளியும் தேன்கனிக்கோட்டையும் நம்மைவிடக் குளிர்ச்சிதான், ஆனாலும் அந்த அளவுக்கு இல்லை. முதல் ஆண்டு இலைகள் செழித்தது என் கைராசி அல்ல. அந்த மலைப்பிரதேசத்துப் பனியில் தூங்கி எழுந்த வலு அது. செடிக்கு அமிலக் குளியல் கிடையாது. ஃபிரிட்ஜ் இருக்கிறது.

2023 டிசம்பர் நடுவில் இரண்டு தூர்களையும் எடுத்து ஒன்பது வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். அவசரத்தில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்த ஒன்று பூஞ்சை பிடித்து அழுகிப்போனது. மற்றொன்று 2024 பிப்ரவரியில் எழுந்தது, இலை முந்தைய ஆண்டைவிடப் பெரிதாக வந்தது. மகிழ்ச்சி ஆறு வாரம்தான் இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த செடி நேராகச் சித்திரை வெயிலுக்குள் நடந்துவிட்டது. நிழலில் இருந்தும் அனல்காற்றில் இளம் இலைகள் துவண்டு, மே மாதத்தில் பாதி போய்விட்டன.

இதைப் பற்றி அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர், "அது தூங்க வேண்டியது கோடையில்தானே? நம் கருணைக்கிழங்கு, காந்தள் எல்லாம் மழை வந்த பிறகுதானே எழுந்திருக்கின்றன?" என்று கேட்டார். எண்பது வயதுக்காரர், ஹோஸ்டா என்ற பெயரை இன்றுவரை அவர் சொன்னதில்லை, 'ஜப்பான் செடி' என்பார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டிக்குள் இருக்கும் குளிருக்கு மாதம் ஏது? மார்கழிதான் பனிக்காலம் என்பது ஜப்பானுக்கு. நம் ஊரில் செடிக்குப் பகை கோடை. அதைத் தூங்கிக் கடக்கட்டும், ஆனியில் மேகமும் மேல்காற்றும் வரும்போது எழட்டும். குளிர்நாட்டு நர்சரிகளே தூர்களைக் குளிர் அறையில் மாதக்கணக்கில் வைத்திருந்துதான் விற்கின்றன.

அந்தக் கணக்கில்தான் 2025 ஜனவரி கடைசியில் தூரை உள்ளே அனுப்பினேன். செய்த விதத்தைச் சொல்கிறேன். பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்தேன். இலைகள் முழுதாகப் பழுக்காவிட்டாலும் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தேன். தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்து, வேரை மழைநீரில் கழுவி, நிழலில் ஒரு பகல் உலர்த்தினேன். நார்த்தூளை நனைத்துக் கையால் இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது, அந்தப் பதம்தான் ஈரம். அதற்குள் தூரைப் பொதிந்து, துளையிட்ட பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே துணி சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தேன். உறைய வைக்கும் மேல் அறையில் வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து, வெண்பூஞ்சை தெரிந்த வேரை நறுக்கிவிட்டு மறுபடி கட்டினேன்.

ஒரே சிக்கல் மாம்பழம். பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயு விடும். உறங்கும் கிழங்குகளின் மொட்டை அது கெடுக்கும் என்று கிழங்குப் பூச்செடி வளர்ப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஏப்ரல், மே என்றால் செந்தூராவும் பெங்களூராவும் வீடு நிறைய இருக்கும். அந்த நான்கு மாதமும் ஒரு பழம்கூட ஃபிரிட்ஜுக்குள் போகவில்லை. மனைவி எல்லாவற்றையும் பழைய முறைப்படி வைக்கோலில் பழுக்க வைத்தாள். இந்தச் செடி பிழைத்ததில் பாதி அவளுடையது.

எழுந்த பிறகு பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது நத்தை. ஹோஸ்டா இலை நத்தைக்குக் கல்யாண விருந்து, மழை தொடங்கியதும் ஆப்பிரிக்க நத்தைகள் இரவில் வந்துவிடும். மல்பெரி அருகில் இருப்பதால் நான் எந்த மருந்தும் தெளிக்க முடியாது, இலையில் ஒரு துளி பட்டாலும் புழு சாகும். மாலையில் நனைத்த சாக்கின் அடியில் முட்டைகோஸ் இலைகளை வைத்துவிட்டால் விடியும்போது நத்தைகள் அங்கே கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், அவற்றில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு இருக்கக்கூடும். கையுறையோ இடுக்கியோ கொண்டு எடுத்து உப்புக்கரைசலில் போடுங்கள்.

இரண்டாவது பச்சைக்குத் திரும்புதல். ஆகஸ்டில் தூரின் ஓரத்தில் ஒரு முளை மட்டும் மற்றவற்றைவிட வேகமாக வந்தது. குனிந்து பார்த்தால் சுருளின் வெளிப்புறத்தில் மஞ்சள் கோடே இல்லை, வெற்றிலைச் சுருள் போல முழுப் பச்சை. கண்ணுக்குச் செழிப்பாகத் தெரிவதால் விட்டுவிடத் தோன்றும். விடக் கூடாது. முழு இலையும் சமைப்பதால் அது வேகமாகத் தூர் கட்டி, இரண்டே பருவத்தில் மஞ்சள் விளிம்பை அமுக்கிவிடும். கூர்மையான கத்தியால் அடியோடு, சிறிது தூரையும் சேர்த்து நறுக்கி எடுத்தேன். விதை போட்டாலும் இந்த வண்ணம் வராது. மொட்டின் அடுக்குகளில் ஒன்று மட்டும் பச்சையம் இழந்திருப்பதால் வருவது இது, தூரைப் பிரித்து நட்டால்தான் தொடரும்.

இவ்வளவு பாடு வேண்டாம், நிழலில் பெரிய வண்ண இலை இருந்தால் போதும் என்பவர்களுக்கு என் பரிந்துரை பேரரத்தையின் உறவான வரி இலை அல்பினியா. அதே மாமரத்தடியில் மஞ்சள் வரிகளோடு நாலடி உயரம் நிற்கிறது, ஃபிரிட்ஜும் வேண்டாம், பிரிவுபசாரமும் வேண்டாம். கலாடியம் பனியில் தானே உறங்கி, கோடை மழைக்குத் தானே எழும். டிஃபன்பேக்கியாவும் நன்றாக வரும், ஆனால் அதன் சாறு பட்டால் வாய் வீங்கும். குழந்தைகளும் ஆடும் இருக்கும் வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

அக்டோபர் மழைக்குப் பிறகு ஹோஸ்டாவின் பெரிய இலையை அளந்தேன். 24 சென்டிமீட்டர் நீளம், 18 அகலம். ஜப்பானில் மகள் காட்டியதோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் ஓரம் எங்கும் கருகவில்லை, வெண்ணெய் மஞ்சள் அப்படியே இருந்தது. காலை இளவெயில் பின்னாலிருந்து வரும்போது நரம்புகள் ஒவ்வொன்றும் பட்டு நூல் போலத் தெரிகின்றன.

இந்தப் பொங்கலுக்கு மகள் வருகிறாள். அவள் பார்த்த பிறகுதான் இலையை அறுப்பேன். இந்த முறை தூரை இரண்டாகப் பிரித்து இரண்டு பொட்டலமாகக் கட்டப் போகிறேன். ஒன்று என் மாமரத்தடிக்கு. மற்றொன்று ஆனியில் தளிக்குப் போகும். அங்கே என் மச்சான் ரோஜா போட்டிருக்கிறார், கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், கோடையும் நம்மைப் போலக் கடுமை இல்லை. அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இப்போதே கீழ்த்தட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன்.